லைன் வாங்காத கடிகாரம்

திண்டுக்கல் பேகம்பூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் சடையாண்டியின் கைக்கு ஒரு வாட்ச் வந்தது. நல்ல வாட்ச். அதன்மேல் ஒரு குறை சொல்ல முடியாது. மணி காட்டியது. இதயம் எப்படி அடிக்கிறது என்று சொன்னது. மற்ற நேரத்தில் கையில் சும்மா கிடந்தது. அப்படிச் சும்மா கிடந்ததுதான் அது செய்த குற்றம். தேனொலி டெலிகாம் என்ற பெரிய கம்பெனியால் அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

வாங்கி அனுப்பியவள் மகள் அறிவுச்செல்வி. குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். பங்குனி வெயிலில் ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு கிணற்றில் இறங்கி மோட்டாரைக் கழற்றும்போது சடையாண்டிக்குத் தலை சுற்றிவிட்டது. படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் பார்த்துவிட்டு, இதயம் அவ்வப்போது தாளம் தப்புகிறது, மாத்திரை போட்டுக்கொண்டு கவனமாக இருங்கள் என்றார். எதைக் கவனிப்பது என்று அவர் சொல்லவில்லை. அதற்குத்தான் மகள் வாட்ச் அனுப்பினாள்.

தனியாக சிம் வசதி உள்ள வாட்ச்தான் அங்கே தள்ளுபடியில் கிடைத்ததாம். அதற்காக அந்த வசதியைப் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை, போன் பக்கத்தில் இருந்தால் வாட்ச் தன் வேலையைச் செய்யும், மாதாமாதம் பணம் கட்டுகிற பிளான் எதுவும் வேண்டாம் என்று வீடியோ காலில் தெளிவாகச் சொன்னாள். போனில் "வாட்ச்சுக்குத் தனி லைன் போடலாமா" என்று ஒரு கேள்வி வந்தது. தாண்டிப் போங்கப்பா என்றாள். தாண்டிப் போனார். சடையாண்டிக்கு இதில் குழப்பமே இல்லை. பேனல் போர்டில் நாலு ஸ்விட்ச் இருந்தால் நாலையும் தட்ட வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. எந்த விளக்கு வேண்டுமோ அந்த ஸ்விட்ச்.

இங்கே சடையாண்டியின் போன் நம்பரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மெக்கானிக் மோட்டாரைச் சரிசெய்து ஓட விட்டதும், கையோடு கொண்டுபோன சிவப்பு ஆக்சைடு பெயிண்டைத் தொட்டு, மோட்டார் ரூம் சுவரில் ஸ்டார்ட்டருக்கு மேலே தன் பேரையும் நம்பரையும் எழுதிவிட்டு வருவார். விவசாயிகள் அந்த நம்பரைப் போனில் பதிந்துகொள்வதில்லை. போன் கிணற்றில் விழும், வாய்க்காலில் நனையும். சுவர் எங்கே போகும்? வேடசந்தூரிலிருந்து நிலக்கோட்டை வரைக்கும் சடையாண்டி எழுதிய சுவர்கள் இருந்தன. அவருக்கு விளம்பரம், சொத்து, கௌரவம் எல்லாம் அந்தச் சிவப்பு எழுத்துதான்.

இந்த வழக்கத்துக்கு ஒரு மறுபாதியும் உண்டு. மெக்கானிக் செத்துப்போனால் அந்த இடத்தில் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். செத்தவர் பேருக்குக் கீழே மோட்டார் ஓடினால் காயில் எரியும் என்று நம்பிக்கை. யார் ஆரம்பித்து வைத்ததோ தெரியாது. ஆனால் சுண்ணாம்பு அடிக்காதவர்கள் யாரும் இல்லை.

தேனொலிக்கு இதெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: சடையாண்டியின் நம்பரோடு ஒரு வாட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது பிளான் போடவில்லை. முதலில் மெசேஜ் வந்தது. "அன்பு வாடிக்கையாளரே, உங்கள் கடிகாரம் ஊமையாக இருக்கிறது. அதைப் பேச வையுங்கள்." அப்புறம் கால் வர ஆரம்பித்தது. சடையாண்டி கிணற்றுக்குள் இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்து மோட்டாரை ஏற்றிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து வரும். வாட்ச் கட்டிய கை அதிரும். ஏதோ அவசரம் போல என்று மேலே ஏறி வந்து எடுத்தால், ஒரு பெண் தேன் குரலில் கடிகாரத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவாள். வேண்டாம் தாயி என்பார். உங்கள் பொன்னான நேரத்துக்கு நன்றி என்பாள். மறுநாள் அதே பொன்னான நேரத்தில் மறுபடியும் கூப்பிடுவாள்.

கடைசியில் ஒரு மெசேஜ் வந்தது. உங்கள் எண்ணோடு பதிவு முழுமையடையாத கருவி ஒன்று இணைந்துள்ளது, உங்கள் பாதுகாப்புக்காக அருகில் உள்ள மகிழ்ச்சி மையத்துக்கு வரவும், தவறினால் எண் 'பாதுகாப்பு ஓய்வில்' வைக்கப்படும். படித்ததும் சடையாண்டிக்குப் பகீர் என்றது. நம்பருக்கு ஓய்வு என்றால் அவருக்கும் ஓய்வுதான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் மாடிக் கட்டிடத்தில் இருக்கிறது அந்த மையம். முன்பு அதற்கு வாடிக்கையாளர் சேவை மையம் என்று பேர். சேவை என்ற சொல்லைப் பார்த்துவிட்டு ஜனங்கள் சேவையை எதிர்பார்த்து வந்ததால், வாடிக்கையாளர் மகிழ்ச்சி மையம் என்று மாற்றினார்கள். வாசலில் டோக்கன் மெஷின். அதில் புது பிளான், பெரிய பிளான், குடும்ப பிளான், கடிகார பிளான் என்று பட்டன்கள். வேண்டாம் என்பதற்குப் பட்டன் இல்லை. டோக்கன் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வேறு வழியில்லாமல் சடையாண்டி கடிகார பிளானை அமுக்கினார்.

"நீங்களே பிளான் கேட்டு வந்ததா சிஸ்டத்துல ஏறியிருக்கு சார். ரொம்ப சந்தோசம்" என்றார் மகிழ்ச்சி அதிகாரி ஸ்டான்லி.

ஸ்டான்லி கெட்டவர் இல்லை. சின்னாளப்பட்டிக்காரர். டை கட்டியிருந்தார், சிரித்த முகம். சிரிப்பதும் சம்பளத்தில் சேர்ந்தது என்பதால் சிரிப்பு ஒரு நிமிடம்கூட இறங்கவில்லை. சடையாண்டி நடந்ததை எல்லாம் சொன்னார். நெஞ்சுத் துடிப்புப் பார்க்கத்தான் வாட்ச், பேசுவதற்குப் போன் இருக்கிறது, பிளான் வேண்டாம், அம்புட்டுதான். ஸ்டான்லி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நீங்க வேணாம்னு சொல்றத நாங்க முழு மனசா மதிக்கிறோம் சார். ஆனா வேணாம்னு சிஸ்டத்துல பதியணும்னா மொதல்ல பிளான் இருக்கணும். இல்லாத பிளானை எப்படி சார் கேன்சல் பண்றது? அதனால இன்னைக்கு எடுத்துருங்க. ஒரு வருசம் கழிச்சு வந்து வேணாம்னு சொல்லுங்க. அன்னைக்கு நானே எந்திரிச்சு நின்னு கேன்சல் பண்ணித் தர்றேன்."

"தம்பி, ஓட்டலுக்குப் போறேன். இட்லி போதும், பூரி வேணாங்கிறேன். அந்தப் பூரிய வாங்கித் தின்னுபுட்டுத்தான் வேணாம்னு சொல்லணுமா?"

ஸ்டான்லி யோசித்தார். ஓட்டலில் சிஸ்டம் கிடையாது, அதனால் அவர்களுக்கு அந்த வசதி இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். அப்போது சடையாண்டியின் கை அதிர்ந்தது. நீங்கள் உட்கார்ந்திருப்பது போலத் தெரிகிறது, ஆனால் இதயம் மிக வேகமாக அடிக்கிறது என்று வாட்ச் எச்சரித்தது. ஸ்டான்லி எட்டிப் பார்த்து மகிழ்ந்தார். லைன் இல்லாமலே இவ்வளவு நன்றாக வேலை செய்கிறதே, லைன் போட்டால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார்.

வெளியே போகும் வழியில் இன்னொரு மெஷின் இருந்தது. இன்றைய அனுபவம் எப்படி என்று கேட்டு மூன்று முகங்கள். ஒன்று சிரித்தது, ஒன்று பல் தெரியச் சிரித்தது, மூன்றாவது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. எதையாவது அமுக்கினால்தான் கதவு திறக்கும் என்று செக்யூரிட்டி பணிவாகச் சொன்னார். சடையாண்டி இருப்பதில் சின்னச் சிரிப்பை அமுக்கிவிட்டு வெளியே வந்தார்.

வாட்ச்சால்தானே வம்பு, அதைக் கழற்றி வைத்துவிட்டால் போகிறது என்று அவர் மனைவி பேச்சாயி சொன்னாள். நியாயமாகத்தான் பட்டது. அன்றைக்கே போனிலிருந்து வாட்ச்சைப் பிரித்து, துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தார். மறுநாள் காலையில் நம்பர் செத்துவிட்டது.

மையத்துக்கு ஓடினார். ஸ்டான்லி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, உங்கள் எண்ணோடு இருந்த கருவி ஒன்று காணாமல் போயிருக்கிறது, தவறானவர்கள் கையில் சிக்கியிருக்கலாம், அதனால் பாதுகாப்பு ஓய்வு என்று விளக்கினார். காணாமல் போகவில்லை, பீரோவில் இருக்கிறது என்றார் சடையாண்டி. நம்பாததால் வீட்டுக்குப் போய் எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். ஸ்டான்லி அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொம்ப அழகான வாட்ச் என்றார்.

"இந்தா இருக்குல்ல தம்பி. கண்ணால பாக்குறீகல்ல?"

"நான் பாக்குறேன் சார். சிஸ்டத்துல காணோமே."

காணாமல் போனதாகப் போலீஸில் புகார் கொடுத்து ரசீது கொண்டுவந்தால் மேலே அனுப்பலாம் என்றார். கையில் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு போய் வாட்ச் காணோம் என்று புகார் கொடுக்கும் துணிச்சல் சடையாண்டிக்கு இல்லை. திரும்பவும் வாட்ச்சைப் போனோடு இணைத்தார். இப்போது சிஸ்டத்துக்குப் புதுச் சந்தேகம் வந்தது. காணாமல் போன வாட்ச் எப்படித் திரும்பி வந்தது, இது பழைய வாட்ச்தானா, அது இந்த வீட்டில்தான் வசிக்கிறதா? வாட்ச்சுக்கு முகவரிச் சான்று கேட்டார்கள். வீட்டு வாசலில் நின்று, கதவு எண் தெரிய, வாட்ச் கட்டிய கையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு போனார். கண்ணை மூடியிருக்கிறீர்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். வாட்ச் கண்ணை மூடவில்லையே என்று சடையாண்டி சொன்னது அங்கே யாருக்கும் சிரிப்பை வரவழைக்கவில்லை. சிரிப்பு ஏற்கெனவே எல்லார் முகத்திலும் இருந்தது.

புது சிம் வாங்கிவிட வேண்டியதுதானே என்று கேட்டவர்கள் உண்டு. வாங்கலாம். வேடசந்தூரிலிருந்து நிலக்கோட்டை வரைக்கும் உள்ள சுவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? வெங்காயம் காய்கிற வெயிலில் மோட்டார் எரிந்தவர்கள் சுவரைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் தேனொலிப் பெண்தான் பேசுவாள். கடை வாசலில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சடையாண்டி, வராத கால் காதுக்குள் மணி அடித்துக்கொண்டே இருப்பதாகப் பக்கத்துத் தையல் கடை அஜீஸுன்னிசாவிடம் புலம்பினார். இருபது தடவை தைத்துப் பிரித்த சட்டை மாதிரி ஆயிட்டீங்களே அண்ணே, எங்க வீட்டுக்காரரிடம் சொல்லி ஒரு டீ வாங்கி வரச் சொல்கிறேன் என்றாள் அவள். டீ வந்தது. கஸ்டமர் வரவில்லை.

பிளானை எடுத்துத் தொலைங்கள் என்றாள் பேச்சாயி. மாசம் ஒரு வேளை கறிச் செலவுதானே என்றாள். சடையாண்டி முடியாது என்றார். பணம் இல்லை என்பதற்காக இல்லை. வேண்டாம் என்று சொல்ல ஒரு மனிதனுக்கு உரிமை இல்லையா என்பதுதான் அவருக்கு நெஞ்சை அடைத்தது. தாளம் தப்பும் நெஞ்சு, அதை வைத்துக்கொண்டு இந்த ரோஷம் எதற்கு என்று பேச்சாயி கேட்டது நியாயம்தான். ஆனால் ரோஷம் டாக்டரைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

ஒரு நாள் காலையில் சடையாண்டி பின்கட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாசலில் பெண் குரல் ஓவென்று அழுவது கேட்டது. வந்து பார்த்தால், சின்னாளப்பட்டிக்கு அந்தப் பக்கம் வெங்காயம் போட்டிருக்கும் சுந்தரம்மாள் பேச்சாயியைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தாள். பின்னால் அவள் தம்பி மலைச்சாமி ரோஜா மாலையோடு நின்றான். பேச்சாயிக்கு என்ன ஏது என்று புரியவில்லை. இருந்தாலும் அழுகிற பெண்ணுக்குத் துணையாக அவளும் கொஞ்சம் அழ ஆரம்பித்திருந்தாள். வாயில் நுரையோடு வந்து நின்ற சடையாண்டியைப் பார்த்ததும் மலைச்சாமி மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"போன் போட்டா ஒரு பொம்பளப் புள்ள, நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லைன்னு சொல்லுதுண்ணே" என்றாள் சுந்தரம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதையும் சிரிச்சுக்கிட்டே சொல்லுது. கெணத்துல தலை சுத்தி உக்காந்தீகன்னு ஏற்கெனவே பேச்சு. நாலு நாளாப் போட்டும் அதே பேச்சுதான். நாங்க என்னண்ணே நெனைக்கிறது?"

சடையாண்டி வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மோட்டார் என்ன ஆச்சு, யார் பார்த்தது என்று கேட்டார். இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"வெங்காயம் வாடுதுண்ணே" என்றான் மலைச்சாமி. "வேற மெக்கானிக், ஈஸ்வரனைக் கூட்டியாந்து பாத்தோம். சுவத்துல... சுண்ணாம்பு அடிச்சுட்டோம். நாங்க மட்டும் இல்ல. சேதி தெரிஞ்சு அந்த வாய்க்கால் நெடுக அடிச்சுட்டாக."

அவர்கள்மேல் தப்பில்லை. வழக்கத்தைத்தான் செய்திருக்கிறார்கள், மாலையோடு வந்து மரியாதையும் செய்திருக்கிறார்கள். இருந்தாலும் தான் உயிரோடு பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது தன் பேரின்மேல் ஒருவர் சுண்ணாம்பு மட்டையை இழுத்தார் என்பதை நினைக்க நினைக்கச் சடையாண்டிக்கு ஆறவில்லை. காபி குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லி அனுப்பினார். மாலையை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று பேச்சாயி கறாராகச் சொல்லிவிட்டாள். போகிற வழியில் பிள்ளையாருக்குப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு ரோஷம் இறங்கிவிட்டது. நேரே மையத்துக்குப் போய், கடிகார பிளான் பட்டனை அவராகவே அமுக்கி, ஸ்டான்லி முன்னால் உட்கார்ந்து, பிளான் கொடுங்கள் தம்பி, எதுவானாலும் சரி, நம்பர் உசுரோடு வந்தால் போதும் என்றார். ஸ்டான்லி முதல் தடவையாக உண்மையாகச் சிரித்தார். பெயரைத் தட்டினார். பழைய சம்பளச் சிரிப்பே திரும்பி வந்தது.

ஓய்வில் இருக்கும் எண்ணுக்குப் பிளான் போட சிஸ்டம் சம்மதிக்கவில்லை. எண் முதலில் விழித்துக்கொள்ள வேண்டும். பிளான் போட்டால்தான் எண் விழிக்கும். இதற்குப் பாதுகாப்பு வளையம் என்று பேர் என்றும், இதைக் கண்டுபிடித்ததற்காகத் தலைமையகத்தில் ஒருவருக்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள் என்றும் ஸ்டான்லி பெருமையாகச் சொன்னார்.

சடையாண்டிக்கு இது பழக்கமான சங்கதியாக இருந்தது. "ஸ்டார்ட்டர்லயும் இப்படித்தான் தம்பி. காயில் இழுத்தாத்தான் கரண்டு வரும், கரண்டு வந்தாத்தான் காயில் இழுக்கும். அதுக்குத்தான் ஆளு கைவச்சு அமுக்குறதுக்குப் பச்சைப் பட்டன் ஒண்ணு வச்சிருக்கு. உங்க சிஸ்டத்துல அந்தப் பட்டன் யாருகிட்ட இருக்கு?"

அப்படி ஒரு பட்டன் இல்லவே இல்லை என்றார் ஸ்டான்லி. எல்லாம் தானாக நடக்கிறது, மனிதக் கையே படாது, அதுதான் கம்பெனியின் சிறப்பு. ஆனால் வரும் வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து வட்டார மகிழ்ச்சித் தலைவர் வருகிறார், மையத்தில் மகிழ்ச்சி முகாம் நடக்கிறது, அவரிடம் நேரிலேயே மகிழ்ச்சியைத் தெரிவிக்கலாம் என்றார். குறையைத் தெரிவிக்கலாமா என்று கேட்டார் சடையாண்டி. குறைக்குத் தனிப் பெயர் இல்லை, அதையும் மகிழ்ச்சி என்றுதான் பதிவோம் என்றார் ஸ்டான்லி.

முகாம் தடபுடலாக நடந்தது. வாழைமரம், மைக்செட், வந்தவர்களுக்கு எல்லாம் தர்பூசணியும் மோரும். தலைவர் வெள்ளைச் சட்டையில் வந்து, இரண்டு டம்ளர் மோர் குடித்து, மைக்கைப் பிடித்தார்.

"வாடிக்கையாளரை நாங்கள் வாடிக்கையாளராகப் பார்ப்பதில்லை. குழந்தையாகப் பார்க்கிறோம். குழந்தை மருந்து வேண்டாம் என்று அழும். அழுகிறதே என்று தாய் விட்டுவிடுவாளா? மூக்கைப் பிடித்து ஊற்றுவாள். அதுதான் தேனொலியின் அன்பு. இந்த ஆண்டு திண்டுக்கல் மையத்தில் ஒரு புகார்கூடப் பதிவாகவில்லை. போன வருடம் நூற்றுக்கணக்கில் இருந்தது. எப்படி இந்தச் சாதனை என்று கேட்கிறார்கள். எளிய வழிதான். புகார் வாங்கும் மேஜையை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில்தான் இப்போது செல்பி எடுக்கும் பலகை இருக்கிறது."

பலத்த கைதட்டல். கைதட்டாதவர்களைச் செக்யூரிட்டி பணிவாகப் பார்த்தார். பேச்சு நீண்டது. தலைவர் நடுவில் இன்னொரு டம்ளர் மோர் குடித்தார். சடையாண்டியின் டோக்கன் வரவே இல்லை. உள்ளே புழுக்கம் தாங்காமல் கட்டிடத்தின் பின்பக்கம் நிழலில் போய் நின்றார்.

அங்கேதான் ஸ்டான்லி வியர்வையோடு ஓடிவந்தார். கட்டிடத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. போர்வெல் மோட்டார் ஓடவில்லை. பேச்சை முடித்த தலைவர் பாத்ரூமுக்குப் போய், குழாயைத் திறந்து, காற்று வருவதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வந்து நிற்கிறார். ஸ்டான்லி மோட்டார் ரூம் கதவைத் தள்ளினார். ஸ்டார்ட்டருக்கு மேலே சுவரில் சிவப்பு எழுத்தில் ஒரு நம்பர் இருந்தது. ஒவ்வொரு எண்ணாக வாசித்துப் போனில் தட்டி, ஸ்பீக்கரில் போட்டார்.

"நீங்கள் அழைத்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை. தேனொலியுடன் மகிழ்ந்திருங்கள்."

ஸ்டான்லி மறுபடியும் போட்டார். மறுபடியும் அதே குரல். மூன்றாவது தடவை போடும்போது பின்னால் நின்ற சடையாண்டி சொன்னார்: "எம்புட்டுத் தடவ போட்டாலும் அதான் தம்பி சொல்லும். அது என் நெம்பரு."

ஸ்டான்லி சுவரைப் பார்த்தார். சடையாண்டியைப் பார்த்தார். அந்த நம்பரை அவர் கம்ப்யூட்டரில் எத்தனையோ தடவை தட்டியிருக்கிறார். அது ஒரு ஆளுடைய நம்பர் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஸ்டான்லியின் முகம் சிரிப்பு இல்லாமல் இருப்பதைச் சடையாண்டி முதல் தடவையாகப் பார்த்தார். பாவமாக இருந்தது.

தலைவரே வந்துவிட்டார். காலை ஒட்டி ஒட்டி எடுத்துவைத்து நடந்தார். மெக்கானிக் இவர்தான் என்று ஸ்டான்லி சொன்னதும், அப்புறம் ஏன் நிற்கிறார், பார்க்கச் சொல்லுங்கள் என்றார்.

"பாக்கலாங்க" என்றார் சடையாண்டி. "ஆனா நெம்பரு உசுரோட இல்லாம நாங்க மோட்டார்ல கை வைக்கிறதில்ல. நாளைக்கு மறுபடி நின்னா சுவத்தப் பாத்து யாரக் கூப்புடுவீக? உங்க பாதுகாப்புக்குத்தான் சொல்றேன்."

அவர் குத்தலுக்குச் சொல்லவில்லை. தொழில் வழக்கம் அதுதான். தலைவர் அவரை ஒரு கணம் பார்த்தார். நிற்க முடியவில்லை, காலை மாற்றி வைத்தார். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து யாருக்கோ நம்பரைச் சொல்லி, "இதை ஆன் பண்ணு" என்றார். அவ்வளவுதான். சடையாண்டியின் சட்டைப் பையில் போன் சிணுங்கி, உங்கள் எண் விழித்துக்கொண்டது, வாழ்த்துகள் என்றது.

சடையாண்டிக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஒரு வாய்ச்சொல். இதற்காகவா சிரிக்கும் பட்டன்களை அமுக்கினோம், வாசலில் கையைத் தூக்கிப் படம் பிடித்தோம், உயிரோடு மாலையைப் பார்த்தோம்? பச்சைப் பட்டன் இருந்திருக்கிறது. அதை அமுக்க மூன்று டம்ளர் மோர் தேவைப்பட்டிருக்கிறது. கத்த வேண்டும் போல இருந்தது. ஸ்டார்ட்டரைத் திறந்து பார்த்தார். கெப்பாசிட்டர்தான் போயிருந்தது. வண்டிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினார். செத்த நேரத்தில் தண்ணீர் ஏறியது. தலைவர் பாத்ரூமிலிருந்து வெளியே வந்தபோது அவர் முகத்தில் இருந்தது மட்டும்தான் அன்றைய முகாமில் கலப்படமில்லாத மகிழ்ச்சி.

வாடிக்கையாளரின் கோரிக்கை அந்த இடத்திலேயே உடனடியாகத் தீர்க்கப்பட்டது என்று முகாம் அறிக்கையில் எழுதினார்கள். சடையாண்டிக்குச் சால்வை போட்டுச் செல்பி பலகை முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். இரண்டு நாளில் மையத்தின் வாசலில் பேனர் தொங்கியது. சால்வையோடு அவர் முகம், கீழே 'தேனொலியால் மலர்ந்தவர்'. இதைப் பார்த்த சிலர், போட்டோ எல்லாம் போட்டிருக்கிறார்களே, அப்படியென்றால் ஆள் போனது உண்மைதான் என்று முடிவு செய்தார்கள்.

நம்பர் உயிரோடு இருந்தது. ஆனால் யாரும் கூப்பிடவில்லை. போனை முன்னால் வைத்துக்கொண்டு சடையாண்டி உட்கார்ந்திருந்தார். கூப்பிடுவதற்குச் சுவரில் பேர் இல்லை. வாய்க்கால் நெடுக மட்டும் இல்லை, சேதி போன ஊரெல்லாம் சுண்ணாம்பு காய்ந்து கிடக்கிறது. இனிப் பழையபடி ஒவ்வொரு மோட்டார் ரூமாக, ஒவ்வொரு கிராமமாக, முதலிலிருந்து. இருபத்தைந்து வயதில் சைக்கிளில் போய் எழுதிய சுவர்களை ஐம்பத்தெட்டு வயதில் மறுபடி எழுத வேண்டும். நினைத்தாலே அலுப்பாக இருந்தது. இருந்தாலும் பெயிண்ட் டப்பாவையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

முதலில் சுந்தரம்மாள் தோட்டம். ஸ்டார்ட்டருக்கு மேலே ஈஸ்வரன் பேர் இருந்தது. அதை அழிக்க மலைச்சாமி சுண்ணாம்பு எடுக்கப் போனான். வேண்டாம்ப்பா, அவனும் உயிரோடுதான் இருக்கான் என்று தடுத்துவிட்டு, சடையாண்டி பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். சுந்தரம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெம்பரு மட்டும் எழுதுனா ஆளுக நம்பமாட்டாகண்ணே. ஊரெல்லாம் சேதி போயிருக்கு. அதுக்குக் கீழ உசுரோட இருக்காருன்னும் எழுதிருங்க."

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. பேரையும் நம்பரையும் எழுதி முடித்து, கீழே 'உயிருடன்' என்று எழுதத் தொடங்கினார். பாதி எழுத்தில் பையில் போன் அடித்தது. நம்பர் பிழைத்த பிறகு வந்த முதல் கால். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எடுங்கண்ணே, யாருக்கோ மோட்டார் நின்றிருக்கும் என்றான் மலைச்சாமி. சடையாண்டி கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

தேன் குரல். திரு. சடையாண்டி அவர்களே, உங்கள் மகிழ்ச்சி எங்கள் மகிழ்ச்சி. உங்கள் கடிகாரம் இன்னும் ஊமையாகவே இருப்பதைக் கவலையோடு கவனிக்கிறோம். பதிவை முழுமையாக்கத் தவறினால் உங்கள் பாதுகாப்புக்காக...

கை அதிர்ந்தது. நீங்கள் நின்றுகொண்டிருப்பது போலத் தெரிகிறது, ஆனால் இதயம் மிக வேகமாக அடிக்கிறது என்றது வாட்ச். சடையாண்டி அதைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிரஷிலிருந்து சிவப்பு சொட்டியது.

"தாயி, சடையாண்டி செத்துப்போயிட்டாரு" என்றார்.

அந்தப் பக்கம் யாரோ விசைப்பலகையைத் தட்டுவது கேட்டது. பிறகு அதே தேன் குரல், கொஞ்சமும் குறையாமல் வந்தது.

"ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம் சார். அவரோட வாட்ச்சுக்கு வாரிசு யாரு சார்?"